தரகர் சிவனாண்டி டாக்டரிடம் பேரம் பேசிய கதை

தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போகிற சரக்குகளில் நிலாவாரை இலைக்குத் தனிப் பெருமை உண்டு. மற்ற சரக்கெல்லாம் வெள்ளைக்காரனின் வயிற்றுக்குள் போவதற்கு; இது உள்ளே போனதை வெளியே அனுப்புவதற்கு. காய்ந்த இலையில் ஒரு பிடி எடுத்துக் கொதிக்கவைத்துக் குடித்தால் மறுநாள் காலையில் வேறு எந்த ஜோலிக்கும் போக முடியாது. சீமையில் இருக்கிற கனவான்களின் மலச்சிக்கலை நம்பி இங்கே பல குடும்பங்கள் மூன்று வேளையும் நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று தரகர் சிவனாண்டியின் குடும்பம்.

தரகருக்கு முதலீடு என்று பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. தோளில் ஒரு துண்டு, கையில் ஐந்து விரல். விற்கிறவனும் வாங்குகிறவனும் மண்டியில் வந்து உட்கார்ந்ததும் தரகர் துண்டை விரித்து அவர்கள் கைமேல் போடுவார். அதற்குள் தன் கையை விடுவார். அப்புறம் பேச்செல்லாம் விரலோடுதான். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று, முழுக்கையையும் அமுக்கினால் ஐந்து. சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கு ஒன்றும் தெரியாது. வாய் தன்பாட்டுக்கு மழையைப் பற்றியும் மச்சினன் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு நியாயம் உண்டு. வாயால் எந்த விலையை வேண்டுமானாலும் சொல்லலாம். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை, பேச்சு என்றுதான் நினைப்பார்கள். ஆறு என்றால் நாலு, நாலு என்றால் இரண்டரை என்று கேட்கிறவன் தானாகவே கழித்துக்கொள்வான். துண்டுக்குள் அமுக்கின விலை அப்படி இல்லை. அமுக்கினால் அமுக்கினதுதான். மண்டித் தெருவில் பெண்டாட்டியிடம் பொய் சொன்னவன் உண்டு, கோர்ட்டில் பொய் சொன்னவன் உண்டு, துண்டுக்குள் பொய் சொன்னவன் கிடையாது.

சிவனாண்டி இதில் மன்னன். வலது கை வாங்குகிறவனிடம், இடது கை விற்கிறவனிடம் என்று இரண்டு துண்டுக்குள் ஒரே சமயத்தில் பேசுவார். வாயில் வெற்றிலை வேறு. அவர் முடித்துவைக்காத பேரம் ஒன்று உண்டென்றால் அது அவர் பெண்டாட்டி சண்முகத்தாயோடு பேசியதாகத்தான் இருக்கும்.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது. ஊரே தரைக்கு ஓரடி மேலே நடந்துகொண்டிருந்தது. அதனால் சிவனாண்டி இரண்டடி மேலே நடந்தது யார் கண்ணிலும் படவில்லை. தூக்கம் குறைந்தது. பேச்சு பெருகியது. இன்னும் விதைக்காத இலைக்கு விலை பேசி முடித்தார். அதையும் அவருடைய சாமர்த்தியம் என்றே மண்டி எடுத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து வேட்டியே கட்டிய மனிதர் ஒரு முழுக்கால் சட்டை தைத்து, அதை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு லாட்ஜில் இருந்த அத்தனை அறையையும் தன் பேரில் எழுதிக்கொண்டார். புதுத் துறைமுகத்துக்கு வரப்போகிற கப்பல் கேப்டன்கள் எல்லாரும் முதலில் முருகனைக் கும்பிடாமல் கரை இறங்கினால் ஊருக்கு ஆகாதாம். அவர்கள் தங்க இடம் வேண்டாமா என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. லாட்ஜ்காரர் சாவியைக் கொடுத்துவிட்டார். சஷ்டிக்கு வந்த ஜனம் கடற்கரை மணலில் படுத்துக்கிடக்க, சிவனாண்டி சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக வாசலில் நின்று கேப்டன்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்முகத்தாய், மண்டி முதலாளி அற்புதமணி அண்ணாச்சியின் காரில் போய் அவரை அழைத்துவந்தாள். வழிநெடுக அவர் வாய் ஓயவில்லை. வீடு சேர்ந்து சில வாரம் கழித்து அந்த வாய் நின்றது. நின்றதென்றால் அடியோடு நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஏன் குளிக்கவில்லை என்று கேட்டால், தண்ணீர் கனமாக இருக்கிறது என்றார்.

தெருவில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. தலையில் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னவர் ஒருவர், தாயத்துக் கட்டச் சொன்னவர் ஒருவர். சூடு தலைக்கு ஏறிவிட்டது, அவர் விற்கிற இலையிலேயே ஒரு பிடி கொடுத்தால் இறங்கிவிடும் என்றவர் ஒருவர். அற்புதமணி அண்ணாச்சி மட்டும், நாசரேத்தில் தன் சம்சாரத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் சீமையில் படித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார், அங்கே போவோம் என்றார். டாக்டர் கிருபாநிதி. ஊரில் அவருக்குப் பைத்தியக்கார டாக்டர் என்று பெயர். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. பல் பார்க்கிறவரைப் பல் டாக்டர் என்பதுபோலத்தான்.

கிருபாநிதி பொறுமையான மனிதர். சண்முகத்தாய் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு இதற்கு மேனிக் டிப்ரசிவ் என்று பெயர் என்றார். சண்முகத்தாய் முகத்தைப் பார்த்ததும், மனசு ரொம்ப ஏறும், அப்புறம் ரொம்ப இறங்கும், அவ்வளவுதான் என்று எளிதாக்கினார். படுக்கையில் சாய்ந்திருந்த சிவனாண்டி அப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் திருப்பினார். ஏற்றமும் இறக்கமும் அவருக்குத் தெரியாததா? இலைச் சந்தையில் வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறவர். இந்த டாக்டர் விவரமான ஆள் என்று அவருக்குப் பட்டது. விவரமான ஆள் என்றால் விலையைக் கூட்டித்தான் சொல்வான் என்பதும் கூடவே பட்டது.

லித்தியம் என்று ஒரு மாத்திரை, ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரு மட்டத்தில் நிறுத்தும், ஒரு நாளைக்கு நாலு சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். தண்ணீர் நிறையக் குடியுங்கள், எப்போதும்போலச் சாப்பிடுங்கள் என்றார். அப்புறம் நர்ஸ் பிலோமினா பக்கம் திரும்பி இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். பிலோமினா தலையாட்டினாள். சிவனாண்டிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. முக்கியமான பேச்சை மூன்றாவது ஆளுக்குப் புரியாமல் நடத்துவதுதானே தொழில் முறை. தானே அந்த மூன்றாவது ஆள் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்முகத்தாய் ஒரு வார்த்தை சொன்னாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் இந்த வீட்டில் இருப்பேன், சாப்பிடாமல் ஏய்த்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாத்தான்குளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் வாயால் சொல்கிற விலையும் கையால் சொல்கிற விலையும் ஒன்றுதான் என்பது சிவனாண்டிக்குத் தெரியும்.

ஆனாலும் நாலு என்றால் நாலா? நாலு என்று ஒரு மனிதன் வாயைத் திறந்து சொல்கிறான் என்றால் அவன் மனசில் இருப்பது இரண்டு. இது மண்டியில் நேற்று வந்த பயலுக்குக்கூடத் தெரியும். அத்தோடு, மாத்திரை ஆரம்பித்த சில நாளிலேயே வலது கை விரலில் ஒரு சின்ன நடுக்கம் கண்டிருந்தது. எறும்பு ஊர்வதுபோல. டம்ளரைப் பிடித்தால் தெரியாது. துண்டுக்குள் விட்டால் தெரியும். இரண்டு மாத்திரைக்கே இப்படியென்றால் நாலுக்கு எப்படி? ஆகவே முதல் நாள் தொடங்கிய வழக்கத்தை விடாமல், பெண்டாட்டி கண்முன்னால் நாலை எடுத்து, இரண்டை விழுங்கி, இரண்டை வேட்டி மடிப்பில் சொருகினார். அவை சாக்கடை வழியாகக் கடலுக்குப் போயின. மீன்களுக்கு ஏற்ற இறக்கம் உண்டா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

சுவரைப் பார்த்துக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தது நிஜம். குளித்தார். மண்டிக்குப் போனார். அடுத்த தடவை பாளையங்கோட்டைக்குப் போனபோது டாக்டர் கேட்டதற்கெல்லாம் சரக்கை நல்லவிதமாகவே விரித்துக் காட்டினார். தூக்கமா, கட்டையாகத் தூங்குகிறேன். பசியா, அபாரம். கை நடுக்கமா, அப்படி ஒன்றும் இல்லை. இதைச் சொல்லும்போது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தார். மாத்திரை எத்தனை என்றதற்கு, நீங்கள் சொன்ன நாலு என்றார்.

பிலோமினா ரத்தம் எடுத்தாள். அதைச் சோதிக்கிற மிஷின் மதுரையில்தான் இருந்தது. முடிவு தபாலில் வந்தபோது டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். நாலு மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் இவ்வளவு கொஞ்சம் மருந்தா? அதே வாரம் வீட்டில், சிவனாண்டி பழைய முழுக்கால் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்ததைச் சண்முகத்தாய் பார்த்தாள். அவள் டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் நாலை ஆறாக்கினார். பிலோமினா சண்முகத்தாயின் காதோடு, "கையில குடுத்து, வாயில போட்டு, தொண்டக்குழி எறங்குறதப் பாத்துட்டுத்தான் நீங்க அந்த எடத்த விட்டு நகரணும்" என்றாள்.

சிவனாண்டி தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன விலைக்கே சரக்கு எடுக்க வேண்டியதாயிற்று. அதுவும் இரண்டு சாப்பிட்ட உடம்புக்கு, நாலு சாப்பிட்டதாக நினைத்துச் சொன்ன ஆறு. இதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் சாத்தான்குளம் பஸ் கண்ணுக்குத் தெரிந்தது. எனவே வாயைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

சண்முகத்தாயும் டாக்டரை மட்டும் நம்பிச் சும்மா இருக்கவில்லை. அந்தக் கால் சட்டையைப் பார்த்த அன்றே திருச்செந்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். ஒரு மண்டலம் தானும் புருஷனும் உப்பில்லாமல் சாப்பிடுகிறோம், நீ அவரை அந்த லாட்ஜ் வாசல் பக்கம் விடாதே. இதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. மருந்து டாக்டரோடு, விரதம் முருகனோடு. டாக்டரோ நாசரேத்துக்காரர், கிறிஸ்தவர். இரண்டு பேருக்கும் நடுவில் தரகு பார்ப்பது அவள் வேலை இல்லை. ஜன்னலைத் திறந்தால் உப்பளத்து உப்பு அம்பாரம் அம்பாரமாகத் தெரிகிற ஊரில், அந்த வீட்டுச் சோற்றில் மட்டும் ஒரு கல் உப்பு விழவில்லை. சிவனாண்டி முணுமுணுக்காமல் சாப்பிட்டார். ஏய்த்த மனிதன் சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்து மண்டித் தெரு நன்றாகவே சிரித்தது. முதலில் சிவனாண்டிக்கு வயிறு போயிற்று. ஒரு நாளில் பல தடவை பின்கட்டுக்கு ஓடினார். நிலாவாரைத் தரகருக்கு வயிறு போனால் ஊர் வேறென்ன சொல்லும்?

"என்ன அண்ணாச்சி, இந்தத் தடவ சரக்கு எப்படின்னு நீங்களே பாத்துட்டியளாக்கும்" என்றான் புதுக்கோட்டையிலிருந்து இலை வாங்க வருகிற செந்தில்வேல். மண்டியே சிரித்தது. சிவனாண்டியும் சிரித்துவைத்தார்.

அடுத்து கை. எறும்பு போய் இப்போது விரலுக்குள் கோழி றெக்கையடித்தது. அதே செந்தில்வேலோடு ஒரு பேரம். துண்டுக்குள் மூன்று விரலைப் பிடித்தார் சிவனாண்டி. நடுக்கத்தில் நாலாவது விரலும் தானாகப் போய்த் தட்டியது. செந்தில்வேல் நாலு என்றே எடுத்துக்கொண்டு, கூடுதல்தான் என்றாலும் சரி என்று தலையாட்டினான். துண்டை எடுத்ததும் சிவனாண்டி விற்கிறவனிடம் மூன்று என்றார். எனக்கு நாலு, அவனுக்கு மூன்று, மீதி ஒன்று தரகர் மடிக்கா என்று பட்டதும் செந்தில்வேல் நாலு அமுக்கினீர்களே என்றான். துண்டுக்குள் பேசிய விலை வெளியே வந்து தகராறாவதை அந்த மண்டி அன்றுதான் பார்த்தது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அற்புதமணி அண்ணாச்சி அவர் தோளைத் தட்டி, "ஒடம்ப மொதல்ல பாரும் சிவனாண்டி, தரகு எங்க போவுது" என்றார். பக்கத்தில் இருந்தவன் எழுந்து அவருக்கு நாற்காலி கொடுத்தான். அவர் உட்கார்ந்தார். மண்டியில் நாற்காலி கொடுப்பது ஒன்று முதலாளிக்கு, இல்லையென்றால் இனிமேல் வேலை செய்யப்போகாதவனுக்கு.

பிறகு நடை தள்ளாடியது, நாக்குக் குழறியது. மதுக்கடைகளை மறுபடி மூடிவிட்டிருந்த சமயம். எங்கே கிடைக்கிறது என்று இரண்டு பேர் அவரைத் தனியே கூப்பிட்டு மரியாதையாக விசாரித்தார்கள். வீட்டுக்கு வரும்போது வாசலில் வாந்தியெடுத்து விழுந்தார். சண்முகத்தாய் அண்ணாச்சியின் காரை வரவழைத்தாள்.

கிருபாநிதி அவர் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார். இங்கிலீஷில் பிலோமினாவிடம் ஒரு வார்த்தை சொன்னார். இந்தத் தடவை பாஷை தெரியாதவர்களுக்கும் அவசரம் என்பது புரிந்தது. பிலோமினா ஓடினாள்.

"மாத்திர எத்தனை குடுத்தீங்க?"

"ஆறு டாக்டர். எங்கையாலதான் குடுத்தேன். தொண்டக்குழி எறங்குறதப் பாத்தேன்" என்றாள் சண்முகத்தாய்.

டாக்டர் யோசித்தார். நாலைத் தாங்கி ரத்தத்தில் ஒன்றுமே காட்டாத உடம்பு. ஆறுக்கு இப்படி ஆகக் கூடாது. அப்படியென்றால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. மருந்தை இன்றோடு நிறுத்துகிறேன், இது இவருக்கு ஒத்துவராது, இனி எந்தக் காலத்திலும் கொடுக்க முடியாது என்றார். வேறு மருந்து உண்டா என்று சண்முகத்தாய் கேட்டாள். ஏறும்போது அமுக்கிப் படுக்கவைக்க ஊசி இருக்கிறது, இறங்கும்போது தூக்கிவிட மாத்திரை இருக்கிறது, இரண்டையும் வராமலே தடுக்க இதைவிட்டால் என் கையில் வேறில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். சண்முகத்தாய் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கட்டிலில் கிடந்த சிவனாண்டிக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. சுவர் ஞாபகம் வந்தது. பன்னீர்ச் செம்பை ஏந்திக்கொண்டு நின்றதைவிட அந்தச் சுவர்தான் அவரைப் பயமுறுத்தியது. அதற்கு முன்னால் கிடந்தபோது தான் செத்துப்போய் அதை யாரும் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தார். இப்போது ஒரு சின்ன எண்ணைச் சொன்னால் போதும், டாக்டரின் கணக்குச் சரியாகிவிடும். சொன்னால் பெண்டாட்டி போவாள். சொல்லாவிட்டால் மருந்து போகும்.

அவர் கை தோளுக்குப் போயிற்று. துண்டைப் போட்டு, டாக்டர் கையை அதற்குள் இழுத்து, இரண்டு விரலைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது, பெண்டாட்டிக்குத் தெரியவும் தெரியாது. தோளில் துண்டு இல்லை. வாந்தியெடுத்த துண்டைப் பிலோமினா வாளியில் போட்டு ஊறவைத்திருந்தாள்.

"ரெண்டு" என்றார் குழறலாக.

"என்ன ரெண்டு?" டாக்டர் குனிந்தார்.

"நாலு இல்லய்யா. ரெண்டுதான் தின்னேன். ரெண்ட மடியில வச்சிக்கிட்டேன்."

"ஏன்?"

"நீங்க நாலுன்னு சொன்னிய. மொத வெலையவே கடசி வெலையா யாராவது சொல்லுவாவளா?"

கிருபாநிதி பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சீமையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த எந்தப் புரொபசரும் இப்படி ஒரு காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை. சிரிப்பு வந்தது. நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

சண்முகத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப என் கண்ணு முன்னால முழுங்குனது?" என்று கேட்டாள். அவள் எழுந்தாள். எழுந்தவள் எங்கே போயிருப்பாளோ, அதற்குள் பிலோமினா ஒரு கிண்ணத்தில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து ஸ்பூனை அவர் வாயருகே கொண்டுபோனாள். சண்முகத்தாயின் கை அவளையறியாமல் நீண்டு ஸ்பூனை மறித்தது.

"உப்பு போட்டுட்டியளா சிஸ்டர்? அவரு உப்பில்லா வெரதம்லா."

எவ்வளவு காலமாக என்று டாக்டர் கேட்டார். மாத்திரை ஆறான வாரத்திலிருந்து என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இருந்த மாதிரி இல்லை.

பிறகு அவர் தமிழில் பேசினார். அந்த ஆஸ்பத்திரியில் அவ்வளவு நேரம் அவர் தமிழில் பேசிக் கேட்டதில்லை என்று பிலோமினா பிற்பாடு சொன்னாள். உடம்பில் உப்புக் குறைந்தால் உடம்பு இந்த மருந்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், அப்போது ஆறு மாத்திரை பத்து மாத்திரைக்குச் சமமாகிவிடும், வயிறு போகிறபோது இன்னும் மோசம். உப்பைக் குறைக்கவும் கூடாது, திடீரென்று கூட்டவும் கூடாது. "இத அன்னைக்கே உங்க ரெண்டு பேருக்கும் சொல்லிருக்கணும். சிஸ்டர்ட்ட இங்கிலீஷ்ல சொன்னேன். எப்பவும்போலச் சாப்பிடுங்கன்னாப் போதும்னு நெனச்சேன். அது என் தப்பு" என்றார்.

ஒரு டாக்டர் தன் தப்பு என்று சொல்லிச் சண்முகத்தாய் கேட்டதில்லை. அவளுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று. தன்னிடம் மறைத்தவர் கட்டிலில் கிடந்தார். டாக்டரிடம் மறைத்தவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் திரும்பவும் உட்கார்ந்தாள்.

"முருகன்ட்ட சொல்லிட்டேனே டாக்டர்" என்றாள்.

"நீங்க வெரதம் இருங்கம்மா. அவருக்கு வேண்டாம்."

அவள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. நேரம் ஆயிற்று. ஸ்பூன் பிலோமினாவின் கையில் காத்திருந்தது. கண்ணைத் திறந்தவள், அவர் பங்கையும் தானே இன்னொரு மண்டலம் இருந்து கழித்துவிடுவதாகச் சொல்லிவிட்டேன் என்றாள்.

"சம்மதிச்சாராமா?" என்று கேட்டார் டாக்டர், கேலியில்லாமல்.

"மறுபேச்சுச் சொல்லல."

ஸ்பூன் உள்ளே போயிற்று. உப்பு நாக்கில் பட்டதும் சிவனாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

குளுக்கோஸும் உப்புத்தண்ணீரும் ஏற்றி, மருந்தை நிறுத்தி, ரத்தத்தை மதுரைக்கு அனுப்பி, நடை திரும்புவதற்குள் நாள் பல ஆயின. சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லை. நாலு மாத்திரையில் புதிதாக ஆரம்பிக்கலாம் என்ற அன்று கிருபாநிதி புருஷனையும் பெண்டாட்டியையும் சேர்த்து உட்காரவைத்து, நான் சொல்வது கடைசி விலை, குறைக்க வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், மடியில் வைக்காதீர்கள் என்றார். சிவனாண்டியும் தொழிலை மறந்து, இருப்பதை இருக்கிறபடி சொன்னார். தூக்கம் இவ்வளவுதான். தாகம் வறட்டுகிறது. மனசு மழுங்கினமாதிரி இருக்கிறது. கடைசியில் கையை நீட்டினார்.

"இந்தக் கை போனா என் பொழப்பு போச்சு டாக்டரய்யா. அதனாலதான் ரெண்டு."

டாக்டர் அந்த விரல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முழுசாக நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், காப்பி டீயைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும், மீதியோடு வாழப் பழக வேண்டியதுதான் என்றார். பொய் சொல்லியிருந்தால் சிவனாண்டிக்கு அன்று தெம்பாக இருந்திருக்கும். நிஜத்தைச் சொன்னதால் மாத்திரையை விழுங்கினார்.

சண்முகத்தாய் சாத்தான்குளத்துக்குப் போகவில்லை. போகாததற்குக் காரணம் எதுவும் சொல்லவுமில்லை. மாத்திரையைக் கையில் கொடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதை மட்டும் விட்டுவிட்டாள். டப்பாவை அலமாரியில் வைத்தாள். அவர்தான் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அதை அவர் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டார். பெரிய தண்டனை என்பது அவள் எண்ணமாக இருந்திருக்கலாம்.

மண்டிக்குத் திரும்பியபோது எல்லாரும் அன்பாக இருந்தார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்காலி வந்தது. இளநீர் வந்தது. துண்டுக்குள் கையை விட்டால், அவர் என்ன அமுக்கினாலும் எதிராளி சரி என்று கையை உருவிக்கொண்டான். பேரம் பேசவில்லை, தர்மம் போட்டுவிட்டு நகர்ந்தான். இலையில் பாதி தூசி என்று குறை சொல்லக்கூட ஆளில்லை. வரவர அவருக்குப் பேரம் கொண்டுவருகிறவர்களே குறைந்தார்கள். கோயில் உண்டியலில் போடுகிறமாதிரி வாரத்துக்கு ஒன்று வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அவருக்கு அந்தச் சந்தனக் கிண்ணம் ஞாபகம் வரும். அந்த வாசலில் நின்றபோது உலகத்துக் கப்பலெல்லாம் தன்னை நோக்கித்தான் வருகிறது என்று எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது! அந்த நிச்சயம் இனி வராது. வரக் கூடாது என்றுதான் நாலு மாத்திரை. இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் சில நாள் டப்பா முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் எடுப்பார்.

ஒருநாள் செந்தில்வேல் வந்தான். பழைய தகராறுக்கு அப்புறம் அவன் அவரிடம் வரவில்லை. சிவனாண்டி துண்டை விரித்தார். விரிக்குமுன் மண்டிக்கே கேட்கும்படி ஒன்று சொன்னார். துண்டு இருக்கிற இடத்தில் இப்படி யாரும் வாய் திறந்து பேசி அங்கே கேட்டதில்லை.

"ஏலே செந்தில்வேலு, எனக்குக் கை நடுங்கும். மண்டையில ஏத்த எறக்கம் வராம இருக்க மருந்து தின்னுதேன், அதுல வந்த நடுக்கம். நாம் பிடிச்சத நீ திருப்பிப் பிடிச்சுக் காட்டணும். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் வெல. சரியா?"

அற்புதமணி அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார். செந்தில்வேல் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டான்.

பேரம் மெதுவாக நடந்தது. இவர் பிடிக்க, அவன் திருப்பிப் பிடிக்க, இவர் தலையாட்ட. முன்னெல்லாம் அதற்குள் ஐந்து பேரத்தை முடித்திருப்பார். பொறுமை இழந்த இரண்டு பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். கடைசியில் சிவனாண்டி மூன்று விரலைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். நடுக்கம் இருந்தது, ஆனால் மூன்று மூன்றாகத்தான் இருந்தது. செந்தில்வேல் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு திருப்பிப் பிடித்தான். இரண்டு.

சிவனாண்டி மறுபடி மூன்று பிடித்தார். அவன் மறுபடி இரண்டு பிடித்தான். இவனுக்குத்தான் கை மரத்துவிட்டதோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டு அவன் கண்ணைப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பயல் திருடுகிறான். அவருடைய நடுக்கத்தைச் சாக்காக வைத்து, மூன்றை இரண்டென்று சாதிக்கப் பார்க்கிறான். துண்டுக்குள், பட்டப்பகலில், அத்தனை பேர் முன்னால்.

அவருக்கு உடம்பெல்லாம் சூடாயிற்று. எவ்வளவோ காலத்துக்கு அப்புறம் ஒருவன் அவரை ஏமாற்றப் பார்க்கிறான். நோயாளியை யாராவது ஏமாற்றுவார்களா? தரகனைத்தான் ஏமாற்றுவார்கள்.

"ஏலே, மூணுலே. திருட்டு மூதி, மூணு" என்று மண்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டிக்கொண்டே அவன் மூன்று விரலையும் நெரிபடப் பிடித்தார். செந்தில்வேல் வலியில் முகத்தைச் சுளித்தான், பிறகு சிரித்தான், பிறகு அவர் விரலில் மூன்றைச் சேர்த்துத் திருப்பி அமுக்கினான். துண்டு விலகியது. அற்புதமணி அண்ணாச்சி பேனாவை எடுத்தார். அன்றும் யாரோ சிவனாண்டிக்கென்று கொண்டுவந்து போட்ட நாற்காலியில் செந்தில்வேல் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சிவனாண்டி அடுத்த ஆளைத் தேடி மண்டி வாசலுக்குப் போனார்.